யானை போவுல

டிசம்பர் மாதம் எங்கள் பக்கத்தில் ராகி அறுப்பு. இரண்டாம் பருவத் தேர்வும் அப்போதுதான் வரும். ஊரில் இன்னும் எல்லோரும் அதை அரையாண்டு என்றுதான் சொல்வார்கள். பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பிவரும் யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதும் அதே நேரத்தில்தான். விளைந்து நிற்கிற ராகியின் வாசம் யானைக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்துவிடும் என்பார்கள். அதனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த மூலையில் டிசம்பர் இரவுகளில் அப்பாக்கள் பரண்மேல் காவல் இருப்பார்கள். பல வீடுகளில் பிள்ளைகளும் கூடவே போவார்கள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தட்டுவதற்குத் தகரம். காலை ஒன்பது மணிக்கு அதே பிள்ளைகள் என் முன்னால் வந்து உட்கார்ந்து கேள்வித்தாளை வாங்குவார்கள்.

இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். கொஞ்சம் பேர் தெலுங்கு. மீதிப் பேர் இந்தப் பக்கத்துத் தமிழ். இந்த மூன்று கூட்டத்துக்கும் நான் வைப்பது ஒரே பரீட்சை. அதில் ஏதோ சரியில்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது 2022 டிசம்பரில்தான்.

நான்காம் வகுப்புக்கு ‘உனக்குப் பிடித்த விலங்கைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக’ என்று ஒரு கேள்வி. பத்து மதிப்பெண். விடைத்தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு பால் தரும்’ என்று ஒரு தாள். அடுத்த தாளும் அதே பசு. அதற்கடுத்த தாளில் மட்டும் பசு நாய் ஆகியிருந்தது. நான்கு கால்கள் அப்படியே இருந்தன. எல்லாவற்றுக்கும் எட்டு, ஒன்பது என்று போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் இந்தத் தாள் வந்தது.

‘ராத்திரி ஆன வந்துச்சி. அப்பா தகரத்த தட்னாரு. ஆன போவுல. மறுக்கா தட்னாரு. ஆன எங்கள பாத்துச்சி. அப்பறம் அதுவே போச்சி.’

மொத்தம் 16 சொற்கள். சிவப்புப் பேனாவை எடுத்து 13 சொற்களுக்கு அடியில் கோடு போட்டேன். ‘ராத்திரி’, ‘அப்பா’, ‘அதுவே’ மூன்றும்தான் தப்பித்தன. பத்துக்கு இரண்டு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அது மறுபடியும் பசு.

கை நின்றுவிட்டது. அந்தப் பையனின் தாளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆறே வாக்கியம். ஒரு இரவு, ஒரு பயம், ஒரு அப்பா, ஒரு யானை. ‘ஆன எங்கள பாத்துச்சி’ என்ற இடத்தில் எனக்கே முதுகு சில்லிட்டது. அன்றைக்கு நான் திருத்திய தாள்களில், எழுதியவனுக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது அந்த ஒன்றில்தான். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

அந்தப் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2019 ஜூனில். அடுத்த மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினோம். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. உயிர்மெய் எழுத்துகளை உட்கார்ந்து பழக வேண்டிய இரண்டாம் வகுப்பு முழுவதும் அவன் ஆடு மேய்த்தான். பிறகு சாயங்காலம் இல்லம் தேடிக் கல்விக்கு வந்த தன்னார்வலர் அக்காவிடம்தான் எழுத்துக் கூட்டப் படித்தான். காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதினான். ஒலிக்குச் சரியான எழுத்தைப் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ‘தட்னாரு’ என்று எழுதுகிற பிள்ளைக்கு மெய்யெழுத்து எங்கே வரும் என்று தெரியும். ‘தட்டினார்’ என்று அவன் எழுதவில்லை, ஏனென்றால் ‘தட்டினார்’ என்று அவனிடம் யாரும் பேசியதில்லை.

அப்புறம், ‘ஆனை’ என்பதில் என்ன தப்பு? திருவானைக்கா என்று ஒரு தலத்துக்கே பெயர். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பது ஆனைமலை. ஊருக்கும் மலைக்கும் பொருந்துகிற சொல், ஒரு பையனின் பரீட்சைத் தாளில் வந்தால் பிழையாகிவிடுகிறது.

வாசிப்பிலும் இதே கதைதான். சொல்லப்போனால் அங்கே இன்னும் மோசம். எழுதினது தாளில் தங்கும், திரும்பப் பார்க்கலாம். வாசித்தது காற்றோடு போய்விடும். நான் போட்ட குறி மட்டும் தங்கும்.

அதே வருடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணும் ஒரு பையனும். எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த ஜூனில்தான் தொடங்கியிருந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பாடம் நடத்துவது. நல்ல யோசனை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என் கண்ணும் காதும்தானே. அவற்றில்தான் கோளாறு.

வாசிக்கக் கொடுத்தது இரண்டு வரி: ‘பாட்டி வீட்டின் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. அதில் தண்ணீர் வற்றிவிட்டது.’

அந்தப் பெண் ஒருமுறை பார்த்தாள். விரல்கூட வைக்கவில்லை. ‘பாட்டி வீட்டுக்குப் பின்னாடி ஒரு கெணறு இருக்குது. அதுல தண்ணி வத்திடுச்சி’ என்று மடமடவென்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்பது சொற்களில் ஏழு, தாளில் இருந்தபடி இல்லை. நான் ஏழு பிழை என்று குறித்தேன்.

பையன் விரலை வைத்து வைத்து, ‘பாட்…டி… வீட்…டின்… பின்…னால்…’ என்று கடைசி ‘து’ வரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். பிழையே இல்லை. அவனுக்கு மலர், அவளுக்கு அரும்பு.

அன்று மதியம் சத்துணவு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அந்தப் பையனிடம் சும்மா கேட்டேன், ‘ஏன்டா, அந்தப் பாட்டி வீட்டுக் கிணத்துல தண்ணி இருக்குதா?’

‘இருக்குது டீச்சர்.’

பக்கத்தில் நின்ற அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ‘வத்திப்போச்சின்னுதான போட்டிருக்குது!’

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் செய்தது வாசிப்பு. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, அந்தப் பொருளைத் தன் வாயில் இருக்கிற தமிழில் வெளியே விட்டிருக்கிறாள். ஒரு கண நேரத்தில் எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு மாற்றுவது சின்ன வேலை இல்லை. பையன் செய்தது எழுத்துக்கு ஒலி கொடுக்கிற வேலை. அதுவும் வேண்டியதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் கொடுத்த குறி இரண்டு பேரையும் தலைகீழாக நிறுத்திவிட்டது. அரும்பில் போட்டதால் அவள் அடுத்த மூன்று வாரம் தனக்கு எப்போதோ தெரிந்த எழுத்துகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். அவனோ கதைப் பக்கம் போய், கதை புரியாமல், விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தான். மதிப்பீட்டில் நடக்கிற அநியாயம் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

தமிழில் இந்தச் சிக்கலுக்குத் தனிக் காரணம் உண்டு. நாம் எழுதுகிற தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை. அது எல்லோருக்கும் பொதுதானே என்று தோன்றும். பொது இல்லை. வீட்டில் செய்தித்தாள் வருகிற பிள்ளை, அம்மா இரவில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற பிள்ளை, ‘இருக்கிறது’, ‘வந்துகொண்டிருந்தான்’ எல்லாவற்றையும் ஐந்து வயதுக்குள் ஆயிரம் தடவை கேட்டிருக்கும். என் பிள்ளைகள் ‘இருக்கிறது’ என்ற சொல்லைச் சந்திப்பதே என் வகுப்பறையில்தான். கன்னட வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு மடங்கு தூரம். அதன் வீட்டில் ‘பால்’ என்பது ‘ஹாலு’. பள்ளிக்கூடத்துக்கு வந்து கஷ்டப்பட்டுப் ‘பாலு’ வரைக்கும் வந்து எழுதினால் அதற்கும் ஒரு கோடு.

ழகரத்தைச் சொல்லவே வேண்டாம். கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்று அந்த ஒலி கிடையாது. எங்கள் பக்கத்துத் தமிழிலும் பெரும்பாலும் ‘பளம்’தான். ‘சொல்வதை எழுதுதல்’ வைக்கும்போது ல, ள, ழ, அப்புறம் ர, ற, அப்புறம் ந, ன, ண என்று வரிசையாகச் சொற்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்போம். பத்துச் சொல்லில் ஏழு சொல் இந்த மயங்கொலிகளில்தான் இருக்கும். அது சோதிப்பது பிள்ளையின் எழுத்தறிவையா, பிள்ளை பிறந்த வீட்டின் நாக்கையா?

பரீட்சை வைக்கிற பகுதியும் அப்படித்தான். ஒரு முறை கலங்கரை விளக்கம் பற்றி ஒரு பத்தி. என் வகுப்பில் கடலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. பாதிப் பேர் கேள்விகளுக்குப் பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் பரண் கட்டுவது பற்றி அதே நீளத்தில், அதே மாதிரி வாக்கியங்களில் நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரைத் தவிர எல்லோரும் எழுதினார்கள். ‘பரண் நாலு காலில் நிக்காது டீச்சர், மரத்துமேல கட்டுனாத்தான் ஆன சாய்க்காது’ என்று என் பத்தியிலேயே ஒருவன் தப்புக் கண்டுபிடித்தான்.

இதை 1988லேயே ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றி ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டிருந்தார்கள். கடலோரப் பிள்ளைக்குக் கலங்கரை விளக்கம், எங்கள் பிள்ளைக்குப் பரண். விஷயம் ஒன்றுதான்.

இன்னொரு விஷயமும் அமெரிக்காவில்தான் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கினார்கள். சிலரைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்றே ஒதுக்கி வைத்தார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற ஆங்கிலத்தை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கத் தவறியதுதான் அவர்களுக்குத் தடையாக நிற்கிறது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வீட்டு மொழியை அடையாளம் கண்டு, அதை வைத்துப் பொது ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்கு வழி செய்யும் திட்டத்தைத் தயாரிக்கும்படி கல்வி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கை கழுவும் இடத்தில் சிரித்த அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் என்மேல் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைப் பாருங்கள். பயிற்றுமொழி முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும், பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், அது எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறது என்பதைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. ‘புரிந்துகொண்டிருக்கிறது’ என்பதுதான் சட்டத்தின் சொல். அதை நாம் எப்படியோ ‘பிழையில்லாமல் ஒப்பிக்கிறது’ என்று ஆக்கிவிட்டோம்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் ஒரு சொல் என்றால் என்ன? ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ ஒரு சொல். 14 எழுத்து. இதையே இந்தியில் மூன்று சின்னச் சொற்களாக இடம் விட்டு எழுதுவார்கள். அங்கே அந்தப் பிள்ளைக்கு மூன்று சொல் கணக்கு, இங்கே என் பிள்ளைக்கு ஒன்று. நல்லவேளையாக 2022இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 86,000 பேரிடம், ஒவ்வொருவராக உட்காரவைத்து 20 மொழிகளில் நடத்திய தேசிய ஆய்வில் ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவுகோல் வைத்தார்கள். மொழிக்கு மொழி அளவுகோல் மாறலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஒரே மொழிக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற தூரத்தை எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறோம்?

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

வாசிப்புக்கு: பிள்ளை வாசிக்கும்போது மாறிய சொற்களை மூன்று விதமாகக் குறிக்க ஆரம்பித்தேன். ‘கிணறு’ ‘கெணறு’ ஆனால் ‘ஒ’, அதாவது ஒலி மாறியது. ‘இருக்கிறது’ ‘இருக்குது’ ஆனால் ‘பே’, பேச்சுக்கு மாற்றிக்கொண்டது. பொருள் உடைந்தால் மட்டும் ‘உ’. ‘வற்றிவிட்டது’ என்பதை ‘வந்துவிட்டது’ என்று ஒரு பிள்ளை வாசித்தால் அதுதான் ‘உ’. பழைய கணக்கில் இது ஒரே ஒரு பிழை. அந்தப் பெண்ணின் ஏழு பிழையைவிடச் சின்னது. ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றுவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்குத் தெரியும், எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாவிட்டால்?

அந்தப் பெண்ணை மறுபடி வாசிக்க வைத்தபோது ஒரு ‘உ’கூட இல்லை. நோட்டு முழுக்க ‘பே’, ‘பே’, ‘பே’. அன்றே அவளை அரும்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

வாசித்து முடித்ததும் ‘இப்ப இந்தக் கதைய எனக்குச் சொல்லு’ என்பேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். ஆனாலும் பிள்ளை கதையைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும். தமிழில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை, கன்னடத்தில் கதையைச் சொல்லி, கூடவே புத்தகத்தில் இல்லாத முடிவு ஒன்றையும் சேர்த்துச் சொன்னது. அதுவரை அந்தப் பிள்ளையைப் ‘பேசவே பேசாது’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதுவதற்கு: ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், என்ன சொல்லியிருக்கிறது. சொந்தமாகச் சொன்னதா, முன்னுக்குப் பின் சேர்கிறதா, படித்தவர் கண்முன் வருகிறதா. இரண்டாவது பக்கத்தில், எப்படி எழுதியிருக்கிறது. எழுத்து, ஒற்று, பேச்சு வடிவம். இரண்டையும் கூட்டவே மாட்டேன். யானைப் பையனுக்கு முதல் பக்கத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். இரண்டாவது பக்கத்தில் அவனுக்கு அடுத்து சொல்லிக்கொடுக்க வேண்டியவை மூன்றே மூன்று: சொல்லின் கடைசியில் வரும் ‘-ஐ’, ‘-இனார்’ ‘-அது’ போன்ற வினைமுடிவு, ‘-வில்லை’. 13 கோடு போட்ட இடத்தில் உண்மையில் மூன்று பாடம்தான் இருந்தது. பெரும்பாலான கோடுகள் அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டன.

தேதியும் மாற்றினேன். பருவத் தேர்வின் தேதி என் கையில் இல்லை. ஆனால் வாசிப்பு மதிப்பீடு என் கையில். காவலுக்குப் போய் வந்த பிள்ளையிடம் அன்று வாசிக்கச் சொல்லி நாளை வீணாக்க மாட்டேன். ராகி களத்துக்கு வந்த பிறகு கூப்பிடுவேன். இது ஒன்றும் புதுசு இல்லை. செயல்வழிக் கற்றல் இருந்த காலத்தில் (2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தது) அட்டைகளாகப் பிரித்து ஏணிப் படிபோல் அடுக்கிய பாடங்களில் பிள்ளை ஏறி, மதிப்பீட்டு அட்டை இருக்கிற படிக்கு வரும்போதுதான் அதற்குச் சோதனை. ஒருவன் திங்கட்கிழமை வருவான், ஒருத்தி பத்து நாள் கழித்து வருவாள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, ஆசிரியர்கள் அலுத்துப்போனோம், எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு விஷயத்தை நாம் கைவிட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

24 பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மணி நேரம். நாளைக்கு ஆறு பேர் என்று நான்கு நாளில் முடித்துவிடுவேன். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்யும், இன்னொரு ஆசிரியர் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் நிஜமான தலைவலிகள். பல வாரம் முடியாமலே போயிருக்கிறது. இரண்டு ஆசிரியர் பள்ளிகளுக்கு ஆள் கொடுக்காமல் நியாயமான மதிப்பீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு கூட்டமும் கண்ணில் படாமல் போகிறது. எழுத்துகள் மனதில் நிற்காமல் நழுவுகிற பிள்ளைகள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆள் கிடைக்கும். ஆனால் டிஸ்லெக்சியா என்ற சொல்லே எட்டாத வீட்டுப் பிள்ளைக்குச் சான்று எங்கிருந்து வரும்? அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘மெல்லக் கற்போர்’. அந்தப் பெயருக்குச் சலுகை எதுவும் கிடையாது.

என் நோட்டைப் பார்த்த ஒரு சக ஆசிரியை கேட்டார், ‘இப்படியே “வந்துச்சி போச்சி”ன்னு விட்டா, பத்தாம் வகுப்புல போய் எப்படி நிப்பாங்க?’ நியாயமான கேள்வி. பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர் கேட்கிற கேள்வி இல்லை அது. நான் விடவில்லை என்பதுதான் என் பதில். இரண்டாவது பக்கம் இருக்கிறது. ழகரமும் ஒற்றும் ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. ‘நாம வீட்ல ஒரு மாதிரி பேசுறோம், புத்தகம் ஒரு மாதிரி பேசுது, ரெண்டும் நமக்கு வேணும்’ என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லித்தான் நடத்துகிறேன். ஒரு பக்கம் பலகையில் வீட்டுப் பேச்சு, மறு பக்கம் புத்தகப் பேச்சு; மாற்றி மாற்றி எழுதுவது அவர்களுக்கு விளையாட்டு மாதிரி. சரி என்பதே காலத்துக்குக் காலம் மாறுவதுதான். 1978க்கு முன்னால் ‘லை’, ‘ணை’, ‘றா’ உட்பட 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம். அரசாணை வந்தது, மாற்றினோம். அதுவரை சரியாக இருந்தது ஒரே நாளில் பழசாகிவிட்டது. அதனால் எழுத்து முறையே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை மதிப்பதற்கு அது குறுக்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் வாதம்.

பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் அம்மா ‘எத்தன மார்க் டீச்சர்?’ என்று கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் ஏ, பி என்று எதைக் காட்டினாலும் அவருக்கு ஒன்றுதான். பெண்ணைக் கூப்பிட்டு, அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையை வாசிக்கச் சொன்னேன். பெயரை வாசித்தாள், ஊரை வாசித்தாள், வேலை செய்த நாட்களை வரிசையாக வாசித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, ‘அம்மா, இந்த வாரம் ஆறு நாள் போன, இதுல நாலுன்னு இருக்குது’ என்றாள். அம்மா மார்க் கேட்டதையே மறந்துவிட்டார். அட்டையை வாங்கிக்கொண்டு நேராக ஊராட்சி ஆபீஸ் பக்கம் நடந்தார்.

2023 டிசம்பர். யானைப் பையன் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். மறுபடியும் ராகி, மறுபடியும் பரண். கட்டுரை நோட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று விட்டிருந்தேன். அவன் பழையதையே திரும்ப எழுதியிருந்தான், இன்னும் நீளமாக.

‘இரவு யானை வந்தது. அப்பா தகரத்தைத் தட்டினார். யானை போவுல. மறுபடியும் தட்டினார். யானை எங்களைப் பார்த்தது.’ இப்படியே ஒரு பக்கம் போகிறது. ‘தகரத்தைத்’ என்று ஒற்று உட்பட எல்லாம் சரி. ஒரு சொல்லைத் தவிர.

நோட்டை எடுத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். ‘போகவில்லை, எழுத வருமில்ல உனக்கு?’

‘வரும் டீச்சர்.’ பக்கத்தில் இருந்த பலகையில் எழுதியும் காட்டினான்.

‘அப்புறம் ஏன் இங்க மட்டும் இப்படி?’

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். ‘போகவில்லைன்னா சும்மா நிக்குற மாதிரி இருக்குது டீச்சர். அது அப்படி நிக்கல. போவுல.’

என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே, இரண்டாவது பக்கத்தில் எழுதினேன்: ‘போவுல – தெரிந்தே எழுதியது.’